மாலையில் கனக்கும் கால்கள்: லிபிடீமாவில் சாப்பாட்டின் பங்கு

லிபிடீமா (கால்களில் வலியோடு கொழுப்பு சேரும் நிலை) என்று தெரிந்த முதல் வாரத்திலேயே பெரும்பாலான பெண்களின் கைக்கு ஒரு தடைப்பட்டியல் வந்து சேர்ந்துவிடுகிறது. பால் கூடாது, கோதுமை கூடாது, தக்காளி கூடாது, காபி கூடாது, சர்க்கரை கூடாது, பழம்கூடக் கூடாது. மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். நான்காவது வாரம் எல்லாம் ஒரே நாளில் உடைந்துபோகும். இத்தனைக்குப் பிறகும் காலை வீங்கவைத்தது எது என்பது மட்டும் தெரிந்திருக்காது. பத்தை ஒன்றாக நிறுத்தி, பத்தையும் ஒன்றாகத் தொடங்கினால் எதைக் கண்டுபிடிக்க முடியும்?

சாப்பாட்டால் ஆகக்கூடியதையும் ஆகாததையும் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். 1940-இல் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆலன், ஹைன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் இந்த நிலைக்குப் பெயர் வைத்தார்கள். இரண்டு காலிலும் ஒரே மாதிரி கொழுப்பு சேரும், பாதத்தை விட்டுவிட்டுக் கணுக்காலோடு நின்றுவிடும், தொட்டால் வலிக்கும், லேசாக இடித்தாலே கன்றிப்போகும். பூப்பு, கர்ப்பம், மாதவிடாய் நிற்கும் காலம் என ஹார்மோன் மாறும் கட்டங்களில் பெரும்பாலும் தொடங்கும் அல்லது கூடும். இது அதிகம் சாப்பிட்டதால் வந்ததல்ல. உணவைக் குறைத்தால் முகமும் மார்பும் இடுப்பும் மெலியும், கால் பிடிவாதமாக அப்படியே நிற்கும். பட்டினி கிடந்து இதைக் கரைக்கலாம் என்று நினைப்பவர்கள் கடைசியில் இழப்பது தசையைத்தான்.

வீக்கம் என்ற சொல்லிலேயே ஒரு சர்ச்சை இருக்கிறது. ஐரோப்பிய நிபுணர்களில் ஒரு சாரார், லிபிடீமாவில் நீர் தேங்குவதற்குச் சான்று இல்லை, வலியும் கொழுப்பின் அளவும்தான் நோய் என்கிறார்கள். 2021-இல் வெளியான அமெரிக்க மருத்துவ வழிகாட்டுதல் அழற்சிக்கும் திசுத் திரவத்துக்கும் கூடுதல் இடம் தருகிறது. யார் சொல்வது சரி என்று முடிவாகும்வரை நாம் காத்திருக்க முடியாது. காலையில் தளர்வாக ஏறிய காலுறை மாலையில் தடம் பதிக்கிறது, இரவில் கால் ஈயக்குண்டாகக் கனக்கிறது. நாளுக்கு நாள் ஏறி இறங்கும் இந்தப் பகுதியில் சாப்பாட்டுக்குக் கை இருக்கிறது. கொழுப்பின் அடிப்படை அளவில் அதற்குப் பெரிய கை இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஏமாற்றம்தான்.

ஆகவே எதையும் நிறுத்துவதற்கு முன் ஒரு தையல் டேப் வாங்கி, இரண்டு வாரம் வழக்கம்போல் சாப்பிட்டபடி அளந்து எழுதுங்கள். ஒவ்வொரு காலிலும் மூன்று இடம் போதும்: கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே, கெண்டைக்காலின் அகன்ற இடம், முழங்கால் சில்லின் மேல்விளிம்பிலிருந்து 15 சென்டிமீட்டர் மேலே. தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று குறித்துவைத்து, எப்போதும் அதே உயரத்தில் அளக்க வேண்டும். ஒரு விரல் ஏறி இறங்கினாலே அளவு ஒரு சென்டிமீட்டர் மாறிவிடும், பிறகு நேற்றைய ரொட்டியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்போம். டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக்கூடாது. படுக்கையைவிட்டு எழுந்த அரைமணிக்குள் ஒருமுறை, இரவு படுக்கும் முன் ஒருமுறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு வேண்டிய எண். கூடவே வலிக்கும் கனத்துக்கும் 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண், மாதவிடாய் சுழற்சியின் நாள், எத்தனை மணிநேரம் நின்றோம் அல்லது உட்கார்ந்தோம், வெயில் எப்படி, காலை இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெஷன் காலுறை போட்டோமா என்பதையும் குறிக்கவும். எடைத் தராசை இதற்கு நம்ப வேண்டாம்.

அளக்கும்போதே இன்னொரு சோதனையும் செய்துவிடலாம். முன்கால் எலும்பின் மேல் கட்டைவிரலைப் பத்து விநாடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால், அல்லது பாதமும் விரல்களும் சேர்ந்து வீங்கியிருந்தால், அது லிபிடீமா மட்டும் அல்ல. நிணநீர், சிரைகள், இதயம், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு என்று பார்க்க வேண்டியவை வேறு இருக்கின்றன. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, வலித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது இரத்தக்கட்டியாக இருக்கலாம். மூச்சுத்திணறலும் சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

இனி உணவுக்கு வருவோம். சந்தேகப் பட்டியலில் முதல் இடம் உப்புக்கு. கணக்கு எளிது. மருத்துவமனையில் ஏற்றும் சேலைன் ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு இருக்கிறது, நம் உடல் திரவத்தின் உப்படர்த்தியும் ஏறத்தாழ அதே. எனவே வழக்கத்தைவிட 4, 5 கிராம் உப்பு கூடுதலாக உள்ளே போனால், சிறுநீரகம் அதை வெளியேற்றும்வரை அரை லிட்டர் அளவுக்கு நீரைப் பிடித்துவைக்க முடியும். அந்த நீர் புவியீர்ப்புக்குக் கட்டுப்பட்டுக் காலுக்குத்தான் இறங்கும். உப்பு மிகுந்த இரவு உணவுக்குப் பிறகு மறுநாள் தராசு கூடுதலாகக் காட்டுவதும், இரண்டு மூன்று நாளில் தானாக இறங்குவதும் இதனால்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு, அதாவது 2000 மில்லிகிராம் சோடியம். நாம் எவ்வளவு போடுகிறோம் என்று தெரிய ஒரு வழி: உப்பு ஜாடியை ஞாயிற்றுக்கிழமை எடைபோடுங்கள், அடுத்த ஞாயிறு மறுபடி எடைபோடுங்கள். குறைந்த எடையை ஏழு நாளாலும் வீட்டில் சாப்பிடுவோர் எண்ணிக்கையாலும் வகுங்கள். நான்கு பேர் வீட்டில் வாரம் 280 கிராம் போயிருந்தால் தலைக்கு நாளுக்கு 10 கிராம். வெளியில் வாங்கிய பாக்கெட் உணவு இந்தக் கணக்கில் இன்னும் வரவேயில்லை. ஒரேயடியாகப் பாதியாக்கினால் சாப்பாடு வாயில் வைக்க முடியாமல் போகும், வீட்டில் மற்றவர்களும் போர்க்கொடி பிடிப்பார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால்பங்கு குறைத்தால் நாக்கு பழகிவிடும். எலுமிச்சை, வினிகர், மிளகு, பூண்டு, வறுத்த சீரகம் போன்றவை உப்பு குறைந்ததை நன்றாக மறைக்கும். உப்பைச் சமையலில் போடாமல் கடைசியில் மேலாகத் தூவினால் குறைந்த உப்பே கூடுதலாகத் தெரியும்.

ஜாடியைவிடப் பெரிய ஓட்டை பாக்கெட்டில் இருக்கிறது. லேபிளில் உள்ள சோடியம் மில்லிகிராமை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் மில்லிகிராம் கிடைக்கும். 100 கிராமுக்கு 600 மில்லிகிராம் சோடியத்துக்கு மேல் இருந்தால் அது அதிகம், 120-க்குக் கீழே இருந்தால் குறைவு. இந்த இரண்டு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் கடையில் போதும். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உடனடி நூடுல்ஸ் பலவற்றில் மசாலாப் பொட்டலத்தோடு சேர்த்து 1000-ஐத் தாண்டும். சூப்பு பொடி, பதப்படுத்திய இறைச்சி, சீஸ், உப்பில் ஊறிய காய்கள் எல்லாம் எதிர்பார்த்தவையே. எதிர்பாராதது ரொட்டி: ஒரு துண்டில் 100 முதல் 200 மில்லிகிராம் இருக்கலாம், உப்புக் கரிக்காததால் நான்கு துண்டு தெரியாமல் போய்விடும். சமையல் சோடா ஒரு தேக்கரண்டியில் 1200-க்கும் மேல். நீரில் நுரைத்துக் கரையும் வலி மாத்திரைகள் பலவற்றில் ஒன்றுக்கு 400 மில்லிகிராம் அளவுக்குச் சோடியம் உண்டு. கால்வலிக்கு நாளுக்கு நான்கு போட்டால் வரம்பில் பெரும்பகுதி மாத்திரையிலேயே தீர்ந்தது.

பொட்டாசியம் கலந்த ‘லோ சோடியம்’ உப்பு நல்ல மாற்றாகத் தோன்றும். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், இரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில், லோசார்டான், ஸ்பைரனோலாக்டோன் வகை மருந்து சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். தண்ணீரைக் குறைத்தால் வீக்கம் குறையும் என்பதும் தவறான கணக்கு. உப்பு உள்ளே இருக்கும்வரை உடல் நீரைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும், கூடுதலாகக் கிடைப்பது மலச்சிக்கலும் தலைவலியும். நீர் பிரியும் மாத்திரையும் லிபிடீமாவுக்கு மருந்தல்ல. வேறு காரணத்துக்காக எழுதிக்கொடுத்திருந்தால் மட்டும்தான் அது.

அடுத்தது சர்க்கரையும் மாவுச்சத்தும். இவை காலுக்கு இரண்டு வழியில் போகின்றன. சர்க்கரை வேகமாக ஏறினால் இன்சுலினும் வேகமாக ஏறும். இன்சுலின், சோடியத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கும்படி சிறுநீரகத்துக்குச் சொல்லும். ஆக இனிப்பும் ஒரு வகையில் உப்பு வேலையைச் செய்கிறது. இரண்டாவது, மாவுச்சத்து கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிக்கப்படும்போது ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் நீரைக் கூட்டிக்கொண்டு போகிறது. மாவுச்சத்தைச் சட்டென்று குறைத்தவர்களுக்கு முதல் வாரத்தில் ஒன்றிரண்டு கிலோ குறைவதற்கு இதுதான் காரணம். குறைந்தது பெரும்பாலும் நீர். ஒரு விருந்துக்குப் பிறகு அது திரும்பி வந்தால் அதுவும் நீரே. இதைத் தெரிந்துவைத்திருந்தால் இரண்டு பக்கமும் மனம் ஆடாது.

நார்வேயில் நடந்து 2024-இல் வெளியான ஒரு ஆய்வு இங்கே கவனிக்கத்தக்கது. லிபிடீமாவும் உடல் பருமனும் உள்ள 70 பெண்கள், எட்டு வாரம், எல்லோருக்கும் நாளுக்கு 1200 கலோரி. ஒரு குழுவுக்கு மாவுச்சத்து 75 கிராம், இன்னொரு குழுவுக்கு சுமார் 180 கிராம். வலி குறைந்தது மாவுச்சத்தைக் குறைத்த குழுவில்தான். எட்டு வாரம் நீண்ட காலம் அல்ல, 1200 கலோரியில் காலம் முழுக்க வாழவும் முடியாது. இருந்தாலும் எதையாவது முதலில் சோதித்துப் பார்ப்பதென்றால், தக்காளியைவிட மாவுச்சத்துக்குத்தான் முன்னுரிமை.

அதற்காக, மாவுச்சத்தை ஏறக்குறைய முழுவதும் விட்டுவிடும் கீட்டோ உணவுமுறைக்குத் தாவ வேண்டியதில்லை. முதல் படி குடிப்பதைத் திருத்துவது. 330 மில்லி கோலாவில் சுமார் 35 கிராம் சர்க்கரை, ஒரு பெரிய தம்ளர் பழச்சாற்றில் 20 முதல் 25 கிராம். உலக சுகாதார நிறுவனம் நல்லதென்று சொல்லும் நாள் அளவே ஏறக்குறைய 25 கிராம்தான். பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள், பிழியாதீர்கள். இரண்டாவது படி தட்டின் அமைப்பு: பாதி காய், கால் பங்கு புரதம், கால் பங்கு சோறோ ரொட்டியோ. காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டால், அதே தட்டு உணவுக்கே சர்க்கரை மெதுவாக ஏறும். மூன்றாவது, லேபிளில் சர்க்கரையின் மறுபெயர்களைத் தேடுவது: குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின், பழச்சாறு செறிவு. பொருள்களை எடை வரிசையில் எழுதுவதால், சர்க்கரையை மூன்று பெயரில் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே ஒளிந்துகொள்ளும். ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்ற பெரிய எழுத்தை நம்பாமல் சிறிய எழுத்தைப் படிப்பது நல்லது.

கீட்டோ முறைக்கே போக விரும்புகிறவர்கள் முதலில் மருந்துப் பட்டியலை மருத்துவரிடம் காட்ட வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின், கிளிமெபிரைடு போன்றவை எடுத்துக்கொண்டால் சர்க்கரை அபாயமாக இறங்கலாம். டாபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின் வகைச் சர்க்கரை மருந்தோடு கீட்டோ சேர்ந்தால் இரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிறவர்களுக்கும் இது வேண்டாம். இன்னொரு தவறு, மாவுச்சத்தையும் உப்பையும் ஒரே வாரத்தில் அடியோடு வெட்டுவது. மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் இறங்கி, உடல் தானாகவே உப்பையும் நீரையும் வெளியேற்றும். அதோடு உப்பையும் நிறுத்தி, இரத்த அழுத்த மாத்திரையும் போட்டால் எழுந்து நிற்கும்போது கண் இருட்டும்.

மதுவைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. இரத்தக் குழாய்களை விரிக்கிறது, தூக்கத்தைக் கெடுக்கிறது, கூடவே உப்புக் கொறிக்கத் தூண்டுகிறது. குடிக்கிறவர்கள் நான்கு வாரம் நிறுத்தி அளந்து பார்த்தால் விடை டேப்பில் இருக்கும்.

கொழுப்பு விஷயத்தில் இணையத்தில் உலவும் பயம் உண்மையைவிடப் பெரிது. விதை எண்ணெய்கள் எல்லாம் அழற்சியைத் தூண்டும் என்று சொல்கிறார்கள். ஆனால் மனிதர்களிடம் நடந்த சோதனைகளில், அவற்றிலுள்ள லினோலிக் அமிலம் இரத்தத்தின் அழற்சிக் குறியீடுகளை உயர்த்தியதாகத் தெரியவில்லை. உண்மையில் விலக்க வேண்டியது தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பு, அதாவது லேபிளில் ‘பகுதி ஹைட்ரஜனேற்றிய’ என்று வருவது. மறுபடி மறுபடி சூடாக்கிக் கறுத்த பொரியல் எண்ணெயும் அப்படியே. வெளியில் வாங்கும் பொரித்த பண்டத்தில் எண்ணெய், மாவு, உப்பு மூன்றும் ஒன்றாக வருவதால், காலில் கனம் கூடினால் பழியை எண்ணெயின் மேல் மட்டும் போட முடியாது.

பால், கோதுமை, தக்காளி-கத்தரி குடும்பம் ஆகிய மூன்றும்தான் தடைப்பட்டியல்களில் தவறாமல் இடம்பிடிப்பவை. மூன்றுக்கும் லிபிடீமாவோடு நேரடித் தொடர்பு நிரூபணமாகவில்லை. பாலும் தயிரும் பொதுவாக அழற்சியைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்கு லாக்டோஸ் ஒவ்வாமல் இருக்கலாம், அது வயிற்றின் கதை, காலின் கதை அல்ல. சீஸ் சாப்பிட்ட மறுநாள் கால் கனத்தால் முதலில் அதன் உப்பைச் சந்தேகிக்கவும். கோதுமையை விடுவதாக இருந்தால், விடுவதற்கு முன்பே சீலியாக் நோய்க்கான (கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) இரத்தப் பரிசோதனையை முடித்துவிட வேண்டும். கோதுமை நிறுத்திய பிறகு சோதித்தால் நோய் இருந்தும் ‘இல்லை’ என்று வரலாம், அப்புறம் சோதனைக்காகவே ஆறு வாரம் மறுபடி கோதுமை சாப்பிட வேண்டியிருக்கும். கோதுமையை விட்டதும் கால் லேசானது என்று சொல்கிறவர்கள், அதோடு கூடவே பிஸ்கட்டும் பீட்சாவும் ரொட்டியின் உப்பும் போனதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தக்காளிக்கும் கத்தரிக்காய்க்கும் எதிரான வழக்கு இவற்றில் மிகப் பலவீனமானது. இவற்றை விட்டவர்கள் தட்டில் நார்ச்சத்து குறைந்ததுதான் மிச்சம்.

பட்டியல்களில் இடம்பெறாத, ஆனால் இடம்பெற வேண்டிய ஒன்று அதிமதுரம். அதிலுள்ள கிளைசிரைசின் உடலில் சோடியத்தைத் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. தொடர்ந்து சாப்பிட்டால் கால்வீக்கமும் இரத்த அழுத்தமும் ஏறும். மூலிகைத் தேநீர், இருமல் மிட்டாய், ‘உடல் வெப்பம் தணிக்கும்’ பொடிகள் ஆகியவற்றின் பொருள் பட்டியலை ஒருமுறை பாருங்கள். வீக்கம் குறைய என்று குடிக்கும் மூலிகைக் கலவையிலேயே அது இருப்பது அபூர்வமல்ல.

உணவைத் தண்டிப்பதற்கு முன் மருந்துப் பெட்டியையும் பார்க்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின் கணுக்காலை வீங்கவைப்பதில் பெயர்போனது. நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலின், காபாபென்டின், வலிக்குப் போடும் ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக், ஸ்டீராய்டு, சர்க்கரைக்குத் தரும் பயோகிளிட்டசோன் எல்லாம் நீரைத் தேக்கக்கூடியவை. கால்வலிக்கு என்று போட்ட மாத்திரை காலை வீங்கவைத்து, பழி பாலின் மேல் விழுவது நடக்கத்தான் செய்கிறது. நீங்களாக நிறுத்த வேண்டாம். மருந்து தொடங்கிய தேதியையும் அளவு மாறிய தேதியையும் குறிப்பேட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள், மாற்று மருந்து பெரும்பாலும் இருக்கும்.

சோதிக்கும் முறை இதுதான். இரண்டு வாரம் அடிப்படை அளவு எடுத்தாயிற்று. அடுத்த நான்கு வாரம் உப்பு மட்டும் குறைக்கவும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். நான்கு வாரம் ஏன் என்றால், மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் கால் எப்படியும் கனக்கும். முழுச் சுழற்சி முடியாமல் ஒப்பிட்டால் ஹார்மோன் செய்த வேலையை உணவின் கணக்கில் எழுதிவிடுவோம். சுழற்சியின் 20-ஆம் நாளை 20-ஆம் நாளோடுதான் ஒப்பிட வேண்டும். அடுத்த நான்கு வாரம் சர்க்கரை, வெள்ளை மாவு. அதன் பிறகும் வேறெதையாவது சந்தேகித்தால் அந்த ஒன்றை மட்டும் மூன்று வாரம் நிறுத்தி, பிறகு மூன்று நாள் தொடர்ந்து வழக்கமான அளவில் சாப்பிட்டு, அடுத்த இரண்டு நாளும் அளக்கவும். முடிவு சில சமயம் மறுநாளுக்கும் அடுத்த நாளுக்கும் தள்ளி வரும். ஒருமுறை கால் கனத்ததை வைத்துத் தீர்ப்பெழுத வேண்டாம். இன்னொரு மாதத்தில் அதே சோதனையில் அதே முடிவு வந்தால்தான் அந்த உணவு உங்கள் பட்டியலில் சேர வேண்டும். முன்பு உணவுக் கட்டுப்பாடே நோயாக மாறி அவதிப்பட்டவர்கள், எண்ணிப் பார்ப்பதே பதற்றம் தருகிறவர்கள் இந்தச் சோதனையைத் தனியாகச் செய்யாமல் உணவியல் நிபுணர் ஒருவரோடு செய்வது நல்லது.

சோதனைக் காலத்தில் காலுறை போடும் பழக்கத்தையும் நடையையும் மாற்றக்கூடாது. புது கம்ப்ரெஷன் காலுறை வந்த அதே வாரத்தில் சர்க்கரையை நிறுத்தினால் பலன் யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. புரதத்தையும் குறையவிடக் கூடாது: வேளைக்கு 20 முதல் 30 கிராம் என்ற அளவு பலருக்கும் பொருந்தும், சிறுநீரக நோய் இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவு. இரண்டு முட்டையில் 12 கிராம், ஒரு கிண்ணம் வெந்த பருப்பிலோ கடலையிலோ சுமார் 15 கிராம். நடக்கும்போது நீரை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசைதான், அது கரைந்தால் எந்த உணவுப் பட்டியலும் காலைத் தூக்கி நிறுத்தாது.

நான்கைந்து மாதம் இப்படி அளந்தவர்கள் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் சின்னப் பட்டியலாகத்தான் இருக்கும்: உப்பு மிகுந்த இரண்டு மூன்று பண்டங்கள், இனிப்புப் பானம், ஒருவேளை மது, ஒருவேளை தனக்கு மட்டுமே ஒத்துக்கொள்ளாத ஏதோ ஒன்று. அவற்றையும் ஆயுளுக்கும் விலக்க வேண்டியதில்லை. விசேஷ நாளில் சாப்பிடலாம், காலுறையோடு, நடந்து போய்வரக்கூடிய நாளாகப் பார்த்து. நீண்ட விமானப் பயணத்துக்கோ பேருந்துப் பயணத்துக்கோ முந்தைய நாள் இரவு மட்டும் வேண்டாம்.